வாத்தியாரிடம் கேளுங்கள்: இடியப்பமும் சொதியும் குதிக்கால் எலும்பும்

போன இதழில் ஆட்டெலும்பின் முட்டுப் பகுதியை வாளால் அறுத்து, உள்ளே பஞ்சுபோல் இருக்கும் இடத்தைப் படம் பிடித்துப் போட்டிருந்தேன். "இந்த ஓட்டைகளுக்குள்ளால் ஒலி எப்படிப் போகும்?" என்று படத்துக்குக் கீழே ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு 11 கடிதங்கள் வந்துவிட்டன. சிலவற்றைச் சேர்த்தும் சிலவற்றைச் சுருக்கியும் பதில் எழுதுகிறேன். பெயர் போடவேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): ஐயா, அம்மாவுக்கு 67 வயது. ஒரு மருத்துவ முகாமில் அவவின் குதிக்காலை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்த்துவிட்டு "மைனஸ் 2.6, எலும்புத் தேய்வு" என்று துண்டில் எழுதிக் கொடுத்தார்கள். அம்மா அன்றிலிருந்து கிணற்றடிக்குப் போகவே பயப்படுகிறா. எலும்பு ஸ்கான் என்றால் இடுப்பில் அல்லவா எடுப்பார்கள்? குதிக்காலில் என்ன தெரியும்?

பதில்: முதலில் அம்மாவைக் கிணற்றடிக்கு விடுங்கோ பிள்ளை, வழுக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கோ. நடக்காமல் இருப்பதுதான் எலும்புக்குக் கூடாது.

துண்டில் உள்ள எண், இளவயதினரின் சராசரியைவிட எவ்வளவு கீழே என்று காட்டுவது. அதற்குக் கீழே போனால் எலும்புத் தேய்வு என்று மைனஸ் 2.5 என்ற கோட்டை உலக சுகாதார நிறுவனம் 1994இல் போட்டது. ஆனால் அது இடுப்பு, முள்ளந்தண்டு போன்ற இடங்களில் எக்ஸ்றேயால் எடுக்கும் எலும்படர்த்தி அளவீட்டுக்கான கோடு. அம்மா கால் வைத்தது கழியொலிப் பெட்டி, காதுக்குக் கேட்காத உயர்ந்த ஒலியால் (அல்ட்ராசவுண்ட்) அளப்பது. அது தரும் எண்ணுக்கு அந்தக் கோட்டை அப்படியே போடக்கூடாது. மரக்காலால் அளந்த நெல்லைத் தராசுக் கணக்கில் எழுதினமாதிரி ஆகிவிடும். துண்டை எறியவும் வேண்டாம். அதைக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டி, எக்ஸ்றே முறை அளவீடு தேவையா என்று கேளுங்கோ.

குதிக்காலை ஏன் பிடித்தார்கள் என்றால், அந்த எலும்பு ஏறக்குறைய முழுக்கப் பஞ்செலும்பு. வெளித் தோடு மெல்லியது, இரண்டு பக்கமும் கிட்டத்தட்டத் தட்டை, மேலே சதை குறைவு. ஒரு பக்கம் ஒலியைக் கொடுத்து மறுபக்கம் வாங்கலாம். உடம்பின் பாரத்தையும் அதுதான் சுமக்கிறது. தேய்வு முதலில் தெரிவது பஞ்செலும்பில். 1984இல் இங்கிலாந்தில் லாங்டன் என்பவரும் அவரோடு இருவரும், மீடிறன் (ஒரு செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது) கூடக்கூட ஒலி எவ்வளவு வேகமாகத் தணிகிறது என்பதைக் குதிக்காலில் அளந்து, தேய்ந்த எலும்பையும் தேயாததையும் பிரிக்கலாம் என்று எழுதினார்கள். அம்மா கால் வைத்த பெட்டியின் வம்சம் அங்கேதான் தொடங்குகிறது.

அந்தப் பெட்டி இரண்டு விஷயம் பார்க்கும். ஒன்று, நான் சொன்ன தணிவு. மற்றது வேகம். இந்த வேகத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கெட்டியான எலும்பில் ஒலி செக்கனுக்கு 4000 மீற்றர் அளவில் ஓடும். தண்ணீரில் 1500. குதிக்காலில் அளந்தால் வருவது 1500க்குக் கிட்டத்தான்! எலும்பை அளக்கப் போய்த் தண்ணீரை அளந்துவிட்டோமா? அடுத்த கேள்விக்கு வாருங்கோ.

கேள்வி (அறிவியல் நகர், பொறியியல் மாணவன்): சேர், இறுதி வருடச் செயற்றிட்டத்துக்கு நுண்டுளை எலும்பில் கழியொலி என்ற தலைப்பு எடுத்திருக்கிறேன். மாட்டெலும்பை வாங்கி வந்து தண்ணீர்த் தொட்டியில் அளந்தால் வேலை முடிந்தது. மேற்பார்வையாளரோ கணினிக்குள் எலும்பைக் கட்டி, கணினிக்குள்ளேயே ஒலியை விட்டுப் பார் என்கிறார். உண்மையான எலும்பு கையில் இருக்க ஏன் இந்தச் சுற்று?

பதில்: தம்பி, காலைச் சாப்பாட்டை நினை. தட்டில் இடியப்பம், மேலே சொதி. சொதி எல்லா இடுக்குகளுக்குள்ளும் இறங்கி நிற்கிறது. இடியப்பம் எலும்பு இழை, சொதி மச்சை, அதாவது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. குதிக்காலில் நூற்றுக்குத் தொண்ணூறு அளவு சொதிதான். இழையின் தடிப்பு 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர் வரை. நீ அனுப்பும் 0.5 மெகாஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் தண்ணீரில் 3 மில்லிமீற்றர். அலை இழையை விட 20 மடங்கு பெரிது. ஆகவே தனி இழை எதுவும் அதன் கண்ணில் படாது. இழையும் சொதியும் கலந்த ஒரு கலவைக்குள்ளால் தான் போவதாகவே அது நடந்துகொள்ளும். கலவையில் சொதியே கூட என்பதால்தான் குதிக்காலில் வேகம் தண்ணீருக்குக் கிட்ட வருகிறது.

இந்தக் கலவைக்கு முதலில் கணக்கு எழுதியவர் எலும்பைப் பற்றி நினைக்கவே இல்லை. மொறிஸ் பியோ, பெல்ஜியத்தில் பிறந்தவர். 1941இல் ஈரமண் பாரத்தின் கீழ் எப்படி அமிழும் என்று எழுதினார். 1956இல் திரவம் நிறைந்த நுண்டுளைப் பாறைக்குள் அலை எப்படிப் போகும் என்று எழுதினார். அவர் கணக்கில் இரண்டு நெட்டாங்கு அலைகள் (போகும் திசையிலேயே முன்னும் பின்னும் ஆடும் அலைகள்) வந்தன. திண்மமும் திரவமும் ஒன்றாக ஆடும்போது வேகமானது, எதிரெதிராக ஆடும்போது மெதுவானது. மெதுவானதைப் பல வருடம் ஒருவரும் காணவில்லை. 1980இல் புளோனா என்பவர் கண்ணாடி மணிகளைச் சூடாக்கி ஒட்டவைத்து, தண்ணீரில் ஊறவிட்டு, அதற்குள்ளால் ஒலியை அனுப்பி இரண்டையும் கண்டார். 1997இல் ஜப்பானில் ஹொசொக்காவாவும் ஒட்டானியும் மாட்டெலும்பில் கண்டார்கள். நீ கடையில் வாங்கப் போகும் அதே சாமான்தான்.

அப்போ நீயும் காணலாமே என்பாய். இழைகள் ஒலி போகும் திசைக்கு நேராக ஓடினால் காணலாம். குறுக்கே கிடந்தால் ஒரே ஒரு அலைதான் வரும். நேராக இருந்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்: எலும்புத் துண்டு 10 மில்லிமீற்றர் தடிப்பு. வேகமானது 2500 என்றால் 4 மைக்குரோ செக்கனில் வந்துவிடும். மெதுவானது 1450 என்றால் 6.9. இடைவெளி 2.9 மைக்குரோ செக்கன். ஆனால் நீ அனுப்பிய துடிப்பே 3 சுற்று என்றால் 6 மைக்குரோ செக்கன் நீளம். முதலாவது ஆள் படலையால் முழுக்க உள்ளே வரமுதல் இரண்டாவது ஆளும் வந்து இடிக்கிறான். உன் திரையில் தெரிவது இரண்டும் கலந்த ஒரு நெளிவு. அதில் எது இடியப்பம் எது சொதி என்று தொட்டியருகே நின்று எப்படிச் சொல்லுவாய்?

கணினிக்குள் என்றால் சொல்லலாம். சொதியை வெளியே ஊற்றிவிட்டு ஒருமுறை ஓட்டு. இழையை இரும்பாக்கி ஒருமுறை ஓட்டு. 4 மில்லிமீற்றர் ஆழத்தில் ஒலியை நிறுத்தி உள்ளே எட்டிப் பார். உயிருள்ள குதிக்காலில் இதில் ஒன்றையும் செய்ய ஏலாது. கடையில் வாங்கிய எலும்பிலும் முழுதாகச் செய்ய ஏலாது.

எப்படி ஓட்டுவது? 1997இல் நாங்கள் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து பாலைமரத்துக்குக் கீழே பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தோம். ஆய்வுகூடம் என்று ஒன்றும் இல்லை. அலையைப் படிப்பிக்க 24 பிள்ளைகளை வரிசையாக நிற்பாட்டி ஒரு விளையாட்டு வைத்தேன். ஒற்றை எண் பிள்ளை "நான் எவ்வளவு வேகமாக அசைகிறேன்" என்ற ஒரு எண்ணை மனதில் வைத்திருக்கும். இரட்டை எண் பிள்ளை "என்னை எவ்வளவு நெருக்குகிறார்கள்" என்ற எண்ணை வைத்திருக்கும். நான் ஒருமுறை கைதட்டினால் இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பக்கத்து அயலவரின் எண்ணையும் கேட்டு, வித்தியாசத்தைத் தன் எண்ணில் சேர்க்கும். அடுத்த தட்டுக்கு ஒற்றைப் பிள்ளைகள் அதையே செய்யும். ஒரு தொங்கலில் ஒரு பிள்ளைக்குக் காதுக்குள் "5" என்று சொல்லிவிட்டு 20 தரம் கைதட்டினால், அந்த 5 வரிசையில் நடந்து போவது தெரியும். நடுவில் நாலு பிள்ளைகளின் கையில் கல்லைக் கொடுத்து, "நீங்கள் எலும்பு, உங்களுக்குப் பெருக்கும் எண் வேறு" என்றேன். கல்லுப் பிள்ளைகளிடம் வந்ததும் கொஞ்சம் திரும்பியும் நடந்தது. ஒருவருக்கும் முழு வரிசையும் தெரியாது. அயலைக் கேட்பதோடு சரி.

எனக்கு நானே கெட்டிக்காரன் என்று வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது: 1966இல் யீ என்பவர் மின்காந்த அலைக்கு இதையே எழுதிவைத்துவிட்டார், 1986இல் விறியூ என்பவர் பூமியதிர்ச்சி அலைகளுக்கு எழுதிவைத்துவிட்டார். இன்று எலும்புக்கு ஓடுவது விறியூவின் முறைதான். எமனுவேல் பொசி என்ற பிரெஞ்சு ஆய்வாளர் "சிம்சொனிக்" என்ற பெயரில் அதை இலவச மென்பொருளாகவே தந்திருக்கிறார். நீ அதை எடுத்து ஓட்டலாம், ஆனால் முதலில் ஒருமுறை நீயே எழுதிப் பார். அடி வாங்கினால்தான் விளங்கும்.

நான் வாங்கிய அடியைச் சொல்லுகிறேன். 10 மில்லிமீற்றர் கன எலும்பு, அதைக் கட்டங்களாகப் பிரித்தேன், ஒரு கட்டம் ஒரு பிள்ளைமாதிரி, ஒவ்வொன்றும் 0.05 மில்லிமீற்றர். பக்கத்துக்கு 200, மொத்தம் 80 இலட்சம் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் வேகத்துக்கு 3 எண், தகைப்புக்கு (நெருக்கும் விசைக்கு) 6 எண். நினைவகத்தில் 288 மெகாபைட், மருமகனின் பழைய லப்டொப்புக்கே தாங்கும். காலப்படிக்கு, அதாவது ஒரு கைதட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரத்துக்கு, 0.05 மில்லிமீற்றரை எலும்பில் ஒலியின் வேகமான 4000ஆல் வகுத்தேன், 12.5 நனோ செக்கன். ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் எண்கள் ஊதிப் பெருத்து, திரை முழுக்க "நான், நான், நான்" என்று வரத் தொடங்கியது. எண்ணே அல்ல என்று சொல்லக் கணினி போடும் சுருக்கம் அது. எனக்கோ வகுப்பில் கை உயர்த்தும் பிள்ளைகளின் சத்தம்மாதிரிக் கேட்டது.

பிழை என்ன? ஒரு தட்டில் பக்கத்துப் பிள்ளையைத்தான் கேட்கலாம். உண்மை அலை ஒரு தட்டில் அதைத் தாண்டி ஓடிவிட்டால் கணக்கு பிடிக்கமுடியாமல் வெடிக்கும். மூன்று பரிமாணத்தில் இந்த முறைக்கு எல்லை இன்னும் இறுகும்: 3இன் வர்க்கமூலமான 1.73ஆலும் வகுக்கவேண்டும். 7.2 நனோ செக்கன். இந்த விதியைக் கூறன்ட், பிரீட்றிக்ஸ், லூவி என்ற மூவர் 1928இலேயே எழுதிவிட்டார்கள், கணினி பிறக்கமுதல். மாற்றி ஓட்டினேன். 15 மைக்குரோ செக்கனுக்கு 2080 அளவு படிகள், 1,664 கோடித் தரம் ஒரு கட்டம் அயலைக் கேட்கிறது. இந்தமுறை "நான்" வரவில்லை.

எலும்பு எங்கிருந்து வரும்? நுண் எக்ஸ்றே ஸ்கானில் எடுத்த முப்பரிமாணப் படம். ஒவ்வொரு புள்ளியும் எலும்பா மச்சையா என்று பிரித்துக் கணினிக்குக் கொடுப்பது. இனித்தான் உன் செயற்றிட்டத்தின் ருசியான இடம். அந்த எலும்பை எடுத்து எல்லா இழைகளின் மேலிருந்தும் ஒரு பட்டை உரித்துவிடு: ஒரு தேய்வு. அதே எலும்பின் இன்னொரு பிரதியில் இழைகளை மெலிய விடாமல், சிலதை மட்டும் முறித்துவிடு: இன்னொரு தேய்வு. இரண்டிலும் மிஞ்சிய எலும்பின் அளவு ஒன்றே. ஒட்டுசுட்டான் அம்மாவின் பெட்டி இரண்டுக்கும் ஒரே எண்ணைத் தருமா, வேறு எண்ணையா? இப்படிச் செய்த வேலைகளில் பெரும்பாலும் திண்மத்தின் பங்குதான் முதல் ஆளாக வந்து நிற்கிறது, இழைகளின் திசை அடுத்ததாக. முறிந்த இழைக்கும் மெலிந்த இழைக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஒற்றை எண்ணிலிருந்து பிரித்தெடுப்பது கடினம். விழுந்தால் முறியுமா என்ற கேள்விக்கு அந்த வித்தியாசம் பெரிது. பெட்டியின் எண்ணை நான் ஏன் அரைவாசி நம்புகிறேன் என்று இப்போது விளங்கும்.

இரண்டு எச்சரிக்கை. ஓரங்களைச் சும்மா விட்டால் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பும். குளத்தின் மேல்பக்கம் புல்லுக்குள் அலை சத்தமில்லாமல் செத்துப்போவதுபோல ஒரு ஓரம் கட்டவேண்டும். பெறெஞ்சே 1994இல் எழுதிய முறையைத் தேடிப் படி. மற்றது, மச்சையை வெறும் தண்ணீராக வைத்து, உறிஞ்சலைச் சேர்க்காமல் ஓட்டினால், ஒலி சிதறுவதால் மட்டுமே தணியும். தணிவு உண்மையைவிடக் குறைவாக வரும். அதை மறைக்காமல் அறிக்கையில் எழுது.

மாட்டெலும்பையும் வாங்கு தம்பி. மேற்பார்வையாளர் வேண்டாம் என்றா சொன்னார்? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இவ்வளவும்.

கேள்வி (மல்லாவி, உயர்தர மாணவி): சேர், மூன்று பரிமாணம் என்றால் பெரிய கணினி வேண்டும். ஒரு குறுக்குவெட்டுப் படத்தை எடுத்து இரண்டு பரிமாணத்தில் ஓட்டினால் போதாதா?

பதில்: நாளைக்கு இடியப்பத்தைக் கத்தியால் வெட்டி, வெட்டுமுகத்தைப் பார் பிள்ளை. நீளமாக ஓடும் இழையெல்லாம் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத தீவுகள், சுற்றிவரச் சொதி. எலும்பின் இழைகள் உண்மையில் வலைபோல் இணைந்தவை. வேகமான அலை அந்த இணைப்பில்தான் ஓடுகிறது. தீவுகளில் அதற்குப் பாதை இல்லை. ஆகவே இரண்டு பரிமாணத்தில் படிக்கலாம், பழகலாம். எலும்பைப் பற்றிச் சொல்ல அதை நம்பக்கூடாது.

கேள்வி (துணுக்காய்): கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கானும் இதுவும் ஒன்றா?

பதில்: ஒலி ஒன்றுதான், வேலை வேறு. அது சில மெகாஹேர்ட்ஸ், எதிரொலியை வாங்கிப் படம் வரைவது. இது அரை மெகாஹேர்ட்ஸ் அளவு, ஊடுருவிப் போனதை மறுபக்கம் வாங்கி எண் தருவது. ஜெல் இரண்டுக்கும் வேண்டும். இடையில் காற்று ஒரு மெல்லிய படையாக இருந்தாலும் ஒலி உள்ளே போகாது.

கேள்வி (புதுக்குடியிருப்பு): 2009இல் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது, செயற்கைக் கால் போட்டிருக்கிறேன். வலது குதிக்குப் பக்கத்தில் ஒரு செல் (எறிகணை) துண்டு எடுக்காமலே இருக்கிறது. எனக்கு இந்தப் பரிசோதனை செய்யலாமா?

பதில்: உங்களுக்கு அந்தப் பெட்டி வேண்டாம் அண்ணை. சதையிலிருந்து இரும்பில் மோதும் ஒலியில் பெரும்பகுதி அப்படியே திரும்பிவிடும். பாதையில் துண்டு நின்றால் வரும் எண் எலும்பின் எண் அல்ல. ஆபத்து ஒன்றும் இல்லை, பயனும் இல்லை. இடுப்பில் எக்ஸ்றே அளவீடு கேளுங்கோ, இரண்டு பக்கமும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கோ. 1892இல் யூலியஸ் வொல்ஃப் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், பாரம் போகும் வழியில் எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ளும் என்று எழுதினார். பாரம் குறைந்த பக்கம் எலும்பும் குறையும். கால் இழந்த பக்கத்து இடுப்பு மற்றதைவிட மெலிந்திருப்பது வழக்கம். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் கதை பாதிதான். வயிற்றிலோ முதுகிலோ துண்டு இருந்தால் அதையும் முதலே சொல்லுங்கோ. எக்ஸ்றேயில் அது எலும்போடு சேர்ந்து, இருப்பதைவிட அடர்த்தியாகக் காட்டும். இன்னொன்று மிக முக்கியம்: எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பினால், உள்ளே போகமுதல் துண்டு இருப்பதைக் கட்டாயம் சொல்லவேண்டும். அது பெரிய காந்தம்.

கேள்வி (முத்தையன்கட்டு, விவசாயி): எலும்புக்குள் ஓட்டை இருக்கோ என்று ஒலியால் பார்க்கலாம் என்றால், குளக்கட்டுக்குள் எலி வளையும் புற்றும் இருக்கோ என்று பார்க்க ஏலாதா வாத்தியார்? விளையாட்டாகக் கேட்கவில்லை.

பதில்: நானும் விளையாட்டாக எடுக்கவில்லை. வந்த 11 கடிதத்திலும் பியோவுக்கு மிகக் கிட்டப் போனது உங்களுடையதுதான், அவர் தொடங்கினதே ஈரமண்ணில். கழியொலி மண்ணுக்குள் ஒரு முழம் போகமுதலே செத்துவிடும். ஆகவே பெரிய சுத்தியலால் இரும்புத் தட்டில் ஓங்கி அடித்து, வரிசையாகக் குத்திவைத்த உணரிகளால் கேட்பார்கள். காய்ந்த மேல்மண்ணில் அலை செக்கனுக்குச் சில நூறு மீற்றர்தான் ஓடும். மண் தண்ணீரில் நிரம்பிவிட்டால் 1500க்கு ஏறிவிடும். கட்டுக்குள் தண்ணீர் எந்த மட்டம் வரைக்கும் ஏறி நிற்கிறது என்று இதால் பிடிக்கலாம்.

எலி வளையைப் பிடிக்க ஏலாது. 500 மீற்றர் வேகத்தில் 50 ஹேர்ட்ஸ் அலை என்றால் அலைநீளம் 10 மீற்றர். ஒரு சாண் வளை அதன் கண்ணில் படாது, குதிக்காலில் தனி இழை படாததுபோல. அதற்கு உங்கள் கண்தான் வேண்டும். குளம் நிரம்பி வான் பாயும் நாட்களில் அலைகரைக்கு (தண்ணீர் மோதும் பக்கத்துக்கு) மறுபக்கம் இறங்கி, கட்டின் அடியோடு துருசு (மதகு) பக்கம் வரை நடந்து பாருங்கோ. கசிவு தெளிவாக வந்தால் இடத்தைக் குறித்து வையுங்கோ. கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது. விடியும்வரை பார்த்திருக்காமல் அப்போதே நீர்ப்பாசனக்காரருக்கு அறிவியுங்கோ.